கார் ஏர்கோனில் பூஞ்சை: ஈரத்தைத் தேடிப்போய்ச் சுத்தம் செய்யும் முறை

காலையில் காரை முடுக்கி ஏர்கோனைப் போட்ட முதல் நிமிடத்தில், நனைந்த சாக்கை முகத்தருகே உதறியதுபோல் ஒரு வாடை வீசி, பிறகு மெல்லக் குறைந்து போகிறதென்றால், குளிரூட்டிக்குள் பூஞ்சை குடியேறியிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் இந்த வாடையை ஒரு முறையாவது சந்திக்காத கார்க்காரர் குறைவு. செம்பனை ஆலையின் நெடி உள்ளே வந்துவிட்டது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். சிலர் வாசனைப் புட்டியைத் தொங்கவிடுகிறார்கள். சிலர் இருக்கைக்குப் பின்னால் பண்டான் இலைக் கட்டைச் செருகி வைக்கிறார்கள். அந்த இலை வாடி அழுகத் தொடங்கினால் காருக்குள் ஈரம் கூடுமே தவிரக் குறையாது.

வாடை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு சுருள் இருக்கிறது. பட்டறைகளில் அதைக் கூலிங் காயில் என்பார்கள். ஏர்கோன் ஓடும்போது அதன் மேற்பரப்பு உறைநிலைக்குச் சில டிகிரி மேலே வரை குளிர்ந்திருக்கும். நம் நாட்டுக் காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல் அந்தத் தகடுகளிலும் நீர் கோத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீர் பெட்டியின் அடியில் சேர்ந்து, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் ஒழுக வேண்டும். காரை நிறுத்தியதும் குளிர்ச்சி நின்றுவிடுகிறது, ஆனால் தகடுகளுக்கிடையே சிக்கிய நீர் அங்கேயே தங்குகிறது. இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், அவற்றோடு செம்மண் பாதையின் தூசியும் நம் தோலிலிருந்து உதிரும் செதிளும் சேர்ந்தால், பூஞ்சைக்கும் நுண்கிருமிகளுக்கும் வேறு எதுவும் தேவையில்லை. ஆகவே மருந்தடித்துப் பூஞ்சையை மட்டும் அழித்துவிட்டு ஈரத்தை அப்படியே விட்டுவைத்தால், சில வாரங்களில் அதே வாடை திரும்ப வரும்.

முதலில் வாடையைப் பிரித்தறிய வேண்டும். ஏர்கோனைப் போட்ட உடனே வந்து பிறகு குறைவது கூலிங் காயிலின் வாடை. ஏர்கோனைத் தொடாமல் கதவைத் திறந்தவுடனே முகத்தில் அடிப்பது பெரும்பாலும் கார்பெட்டின் வாடை. கால்மிதிகளை எடுத்துவிட்டு, முன்னிருக்கைகளுக்கு அடியிலும் பின்பக்கத் தரையிலும் டிஷ்யூ தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் நீர் வேறெங்கோ புகுந்திருக்கிறது. தாங்க முடியாத அழுகல் நாற்றமாக இருந்து, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரின் ஓரமும் கடிபட்டிருந்தால், உள்ளே எலி செத்துக் கிடக்கக்கூடும். செம்பனைக்கு அருகில் கார் நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனிப்பு கலந்த நெடி ரேடியேட்டர் திரவம் கசிவதால் வரக்கூடும். பெட்ரோல் நெடியும் கருகல் நெடியும் இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை, தாமதிக்காமல் பட்டறைக்குப் போக வேண்டியவை.

அடுத்து, பைசாச் செலவில்லாத ஒரு சோதனை. காரைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்தி, ஏர்கோனைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். நம் கார்களில் அந்த நீர் பெரும்பாலும் முன் பயணியின் காலடிக்கு நேர் கீழே சொட்டும். புழுக்கமான நாளிலும் அங்கே தரை உலர்ந்தே இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். என் அக்காவின் காரில் வாடை வந்தபோது, ஒரு பட்டறையில் மூன்று முறை வாசனை மருந்து அடித்து மூன்று முறையும் பணம் வாங்கினார்கள். ஒருவரும் காருக்கு அடியில் குனியவில்லை. கடைசியில் அத்தான்தான் டார்ச் விளக்கோடு படுத்துப் பார்த்து, குழாயின் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்ததைக் கண்டார். அதை உதிர்த்ததும் ஏறத்தாழ ஒரு குவளை பழுப்பு நீர் அவர் சட்டையிலேயே கொட்டியது. அடைப்பை எடுக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக நுழைத்து அசைக்கலாம், அல்லது குறைந்த அழுத்தத்தில் காற்றடிக்கலாம். கூரான கம்பியை வேகமாகக் குத்தாதீர்கள். அது கூலிங் காயிலைத் துளைத்தால் வாடையை நீக்கப் போன இடத்தில் குளிரூட்டும் கேஸும் போய்விடும்.

இதற்குப் பிறகு ஃபில்டர். பெரும்பாலான கார்களில் அது முன் பயணிக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். பின்னால் தெரியும் நீண்ட மூடியைக் கழற்றினால் ஃபில்டர் கைக்கு வரும். 1990களில் வந்த பல கார்களில் ஃபில்டரே கிடையாது. அந்தக் கார்களின் கூலிங் காயில் அவ்வளவு தூசியையும் தானே தாங்குகிறது. வெளியே எடுத்த ஃபில்டரில் கரும்புள்ளிகளோ ஈரமோ இருந்தால் தட்டி உதறி மறுபடி போடாமல் மாற்றிவிடுங்கள். தாள் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுவது சிக்கனம் அல்ல, அது பூஞ்சைக்குப் படுக்கை விரிப்பது. புதியதைப் போடும்போது அதன் ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டுமாறு வைக்க வேண்டும். ஆனால் அதைச் சுத்தம் முடிந்த பிறகே போடுங்கள். மருந்தடிக்கும்போது அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

கூலிங் காயிலைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் நுரை மருந்தை உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். நீண்ட மெல்லிய குழாயோடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். காரை வெட்டவெளியில் நிறுத்தி, இயந்திரத்தையும் ஏர்கோனையும் அணைத்து, எல்லாக் கதவுகளையும் திறந்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தொடங்க வேண்டும். பல டப்பாக்களில் எளிதில் தீப்பிடிக்கும் வாயு அடைக்கப்பட்டிருக்கும் என்பதால் அருகில் சிகரெட் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தள்ளி இருக்கட்டும். ஃபில்டர் இருந்த இடத்திலிருந்து கூலிங் காயிலின் தகடுகள் தெரிந்தால் குழாயை அங்கே நீட்டி, மேலிருந்து கீழாகத் தகடுகளின் மேல் நுரையைப் படரவிடுங்கள். தெரியாவிட்டால், அடைப்பு நீங்கிய ஒழுகு குழாய் வழியாகக் கீழிருந்து ஏற்றலாம். எந்த வழியில் செய்தாலும் காற்றை வீசும் ப்ளோவர் மோட்டாரின் மேலும் மின்னிணைப்புகளின் மேலும் நுரை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கில் காற்றுத் துவாரங்களுக்குள் பீச்சியடிப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை காத்திருங்கள். நுரை நீராகிக் காருக்கு அடியில் ஒழுகும்போது அதன் நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறத்தில் வந்தால் மருந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கிறது. ஒன்றுமே ஒழுகாவிட்டால் குழாய் இன்னும் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலும் மருந்து அடிக்காதீர்கள், கார்பெட் நனையும். ஒழுகி முடிந்த பிறகு, ஏர்கோனைப் போடாமல், கதவுகளைத் திறந்து வைத்தபடியே காற்றாடியை மட்டும் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, மருந்து நெடி அடங்கும்வரை ஓடவிட வேண்டும்.

காருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வரும் புகை டப்பாக்களும் கிடைக்கின்றன. அவை இலேசான வாடைக்குப் போதும். தகடுகளில் சேறாகப் படிந்ததைப் புகை அகற்றாது என்பதால், ஆண்டுக்கணக்கில் கவனிக்காத காருக்கு நான் அவற்றை வாங்கச் சொல்வதில்லை. வீட்டில் இருக்கிறதே என்று குளோரின் கலந்த வெளுப்பானைத் தெளிப்பது இன்னும் மோசம்: அது அலுமினியத்தை அரிக்கும், அதன் ஆவி மூச்சை அடைக்கும், வேறு மருந்தோடு கலந்தால் நச்சு வாயுவும் உண்டாகலாம். வினிகர் ஓர் அமிலம், டேஷ்போர்டைத் துடைக்க நீர்த்துப் பயன்படுத்தலாம், கூலிங் காயிலில் வேண்டாம்.

நுரை அடித்தும் வாடை முழுதாகப் போகவில்லையென்றால் ப்ளோவர் காற்றாடியைச் சந்தேகியுங்கள். முன் பயணியின் காலடிக்கு மேலே, பெரும்பாலும் சில திருகுகளால் பிடித்திருக்கும் அதைக் கழற்றினால், இதழ்களின் உட்புறத்தில் தூசி பஞ்சுபோல் அப்பியிருப்பது தெரியும். மோட்டாரை நனைக்காமல் காற்றாடியை மட்டும் சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகு மாட்ட வேண்டும். காற்றின் வேகமும் இதனால் கூடும்.

கார்பெட் நனைந்திருந்தால் அதை மேலாகக் காயவைப்பது வீண். அதற்கு அடியில் இருக்கும் பஞ்சுப்படலம் நீரைப் பல நாட்கள் பிடித்து வைத்திருக்கும். கதவோரப் பட்டைகளைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி, அடியில் ஏதாவது முட்டுக்கொடுத்து, வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்து உலர்த்துங்கள். நீர் புகுந்த வழியையும் தேட வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் பள்ளத்தில் இலைதழைகள் அடைத்துக்கொண்டால் நீர் காற்று புகும் வழியாக உள்ளே வந்துவிடும். ரம்புத்தான் மரத்தடியில் கார் நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறை அந்தப் பள்ளத்தைக் கையால் துழாவிச் சுத்தம் செய்வது நல்லது. இருக்கைப் பட்டையில் வெண்புள்ளிகள் தெரிந்தால் பட்டையை முழுதாக இழுத்து, திரும்பிப் போகாமல் கவ்வி போட்டு, இளஞ்சூடான சோப்பு நீரில் துடைத்து, உலர்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாடை நிற்கவில்லையென்றால் கூலிங் காயிலை வெளியே எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். இது வீட்டு வேலை அல்ல. பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அழுத்தத்தில் உள்ள கேஸ் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அதைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்கும் பட்டறையையே தேடுங்கள். வேலையைக் கொடுக்குமுன் பட்டறையின் போர்மேனிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: சிறு கேமராவை உள்ளே விட்டுக் கூலிங் காயிலைக் காட்ட முடியுமா, இணைப்பு வளையங்களை மாற்றுவாரா, கேஸ் நிரப்புமுன் வேக்கம் இழுத்து உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்குவாரா. கேமராவில் தகடுகள் சுத்தமாக இருப்பது தெரிந்தால் கழற்றும் வேலையே தேவைப்படாமல் போகலாம். ஓசோன் இயந்திரம் வைத்து வாடையை எடுப்பதாகச் சொன்னால், ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் வேலை முடிந்த பிறகு காரை நன்றாகக் காற்றாட விட்டே ஏறுங்கள். ஒழுகு குழாயைப் பார்க்காமல் அதற்கு மட்டும் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பூஞ்சை மறுபடி வராமல் தடுப்பதில் ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. வீடு சேர மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் இருக்கும்போதே, பெரிய சாலையிலிருந்து தோட்டப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்றைத் திறந்து, காற்றாடியை வேகமாக ஓடவிடுங்கள். கூலிங் காயில் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் அதன்மேல் நீர் கோப்பது நின்று, இருக்கும் ஈரம் உலரத் தொடங்கும். ஆனால் மழை பெய்து கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். முன்கண்ணாடி உட்புறம் மங்கிப் பாதை தெரியாமல் போகும். அன்றைக்கு வாடையைவிட உயிர் பெரிது. வீடு சேர்ந்த பிறகு, வீட்டு முன்னால் நின்றபடி உலர்த்திக்கொள்ளலாம்.

உட்காற்றுச் சுழற்சியை எப்போதும் போட்டே வைப்பதுதான் பூஞ்சைக்குக் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னாலும் ஆலையைக் கடக்கும்போதும் உட்காற்றில் ஓட்டுவதே சரி. ஏர்கோன் ஓடும்வரை அது உள்ளிருக்கும் ஈரத்தை நீராக்கி வெளியேற்றிக்கொண்டும் இருக்கிறது. தீங்கு வருவது, ஈரமான கூலிங் காயிலோடு காரை அப்படியே அணைத்து, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவதால்தான். பள்ளிக்கும் கோயிலுக்கும் ஐந்து நிமிடம் போய் வரும் கார்களில் வாடை சீக்கிரம் பிடிப்பதற்கும் இதுவே காரணம். அவற்றின் கூலிங் காயில் நனைகிறதே தவிர உலர்வதற்கு நேரம் கிடைப்பதில்லை. அத்தகைய காரை வாரம் ஒரு முறையாவது நீண்ட தூரம் ஓட்டி, முன்சொன்னபடி உலர்த்தி நிறுத்துங்கள். நனைந்த குடை, விளையாட்டுக் காலணி, சந்தையில் வாங்கிய மீன்பை ஆகியவற்றைக் காரில் இரவு தங்கவிடாதீர்கள். ஃபில்டரை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவாகப் போதும் என்றாலும், செம்மண் பாதையில் தினமும் ஓடும் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

சுத்தம் செய்து இரண்டு வாரம் கழித்து, இரவு மழை பெய்த ஒரு காலையில், வாசனைப் பொருள் எதுவும் இல்லாத காரில் ஏறி ஏர்கோனைப் போட்டு முதல் நிமிடக் காற்றை முகர்ந்து பாருங்கள். வாடை மறுபடி தலைகாட்டினால் உடனே புதிய மருந்து டப்பா வாங்க வேண்டாம். டிஷ்யூ தாளையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு, கார்பெட்டிலிருந்தும் ஒழுகு குழாயிலிருந்தும் மறுபடி தொடங்குங்கள்.