விறகு பாய்லர் வைக்கும் முன்: புகை விதிகளில் பலரும் செய்யும் தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலோ, வெர்மான்ட், கனெக்டிகட் பக்கமோ ஊருக்குத் தள்ளி வீடு வாங்கினால் அங்கே பெரும்பாலும் குழாய் எரிவாயு இருக்காது. ஹீட்டிங் ஆயிலோ புரொபேனோதான். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தச் செலவைப் பார்த்தவர்களுக்கு, "கொல்லையில்தான் இத்தனை மரம் இருக்கிறதே, ஒரு விறகு பாய்லர் போட்டுவிடலாமே" என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தில் தவறில்லை. அதை நிறைவேற்றும் வழியில்தான் தவறுகள் நடக்கின்றன. கடைசியில் பணமும் போய், பக்கத்து வீட்டு உறவும் போகிறது.

முதலில் இந்தக் கருவி என்ன என்று பார்த்துவிடலாம். வீட்டுக்கு வெளியே, குட்டையான புகைபோக்கி வைத்த சிறிய தகரக் கொட்டகை போல நிற்கும். உள்ளே விறகு எரியும் அறை, அதைச் சுற்றித் தண்ணீர். சூடான தண்ணீர் மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். வீட்டுக்குள் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. விற்பவர்கள் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். சிக்கலும் இதில்தான் இருக்கிறது: புகை நம் மூக்குக்கு வராததால் அது யார் வீட்டுக்குப் போகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. இந்த உலைகள் பற்றிய விதிகள் எல்லாமே பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்த்து எழுதப்பட்டவை. அங்கே நின்று படித்தால் ஒவ்வொரு விதியும் எதற்காக என்று புரியும்.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பது

"இது மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை சான்றளித்த மாடல், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த முகமை 2015இல் கொண்டுவந்த விதி, தயாரிப்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துவது. பத்து லட்சம் பிடியூ (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்கு 0.32 பவுண்டு நுண்துகள் வரை என்று தொடங்கிய வரம்பு, 2020 மே 15 முதல் 0.10 பவுண்டாக இறுகியது. வெட்டிய விறகை எரித்துச் சோதிப்பதானால் 0.15. இது இயந்திரத்தைப் பற்றியது மட்டுமே. அதை எங்கே நிறுத்தலாம், எதை எரிக்கலாம் என்பதை மாநிலமும் டவுனும் (உள்ளூர் நிர்வாகம்) சொல்கின்றன. நியூயார்க்கில் மாநில விதி 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைவிடக் கடுமையான விதியை ஒரு டவுனோ வில்லேஜோ வைத்துக்கொள்ளத் தடையில்லை. அடியோடு தடை செய்த ஊர்களும் உண்டு.

ஆகவே முதலில் டவுன் ஹால், அப்புறம் மாநில விதி, கடைசியில்தான் கடை. இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியதைக் கொல்லையில் சும்மா நிறுத்தி வைக்க வேண்டியதாகிறது. பழைய பாய்லரை மலிவாக வாங்கி நடலாம் என்பதும் இதே வகைத் தவறு. வேறொருவர் வீட்டில் பத்து வருடம் எரிந்தது என்பதற்காக விதி வருமுன்பே வைத்த பாய்லர்களுக்குத் தரும் சலுகை உங்கள் மனையில் அதற்குக் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்று பார்க்காதது

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மாநிலமும் அளக்கத் தொடங்கும் இடமே வேறு. பென்சில்வேனியாவில் மனை எல்லையிலிருந்து 50 அடி. நியூயார்க்கில் அதே மனை எல்லையிலிருந்து 100 அடி. பெரிய விவசாய நிலங்களுக்கு மட்டும் சற்றுத் தளர்வு. கனெக்டிகட்டில் எல்லையை விட்டுவிட்டு, அந்த பாய்லரால் சூடாகாத மிக அருகிலுள்ள வீட்டிலிருந்து 200 அடி என்கிறது சட்டம். பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பர் சொன்ன எண்ணை வைத்து நீங்கள் கனெக்டிகட்டில் குழி தோண்டினால் வம்புதான்.

நியூயார்க் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரமான மனை என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 209 அடி. நான்கு எல்லைகளிலிருந்தும் 100 அடி தள்ளினால் மிச்சம் என்ன? நட்டநடுவே ஒன்பது அடிக்கு ஒன்பது அடி இடம். அங்கே பெரும்பாலும் உங்கள் வீடே நிற்கும். ஆக, ஒரு ஏக்கர் மனை வைத்திருப்பவருக்கு நியூயார்க்கில் விறகு பாய்லர் ஏறக்குறைய முடியாத காரியம். "ஒரு ஏக்கர் இருக்கிறதே, தாராளமாயிற்றே" என்று நாம் நினைக்கும் அளவு இது. விதியை எழுதியவர்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்த 100 அடி அதைச் சொல்லிவிடுகிறது.

புகைபோக்கியிலும் இதே கதை. தரையிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு அடிக்குள் இருக்கும் குழாயோடு வந்த பாய்லர்கள் நிறைய. நியூயார்க்கில் குறைந்தது 18 அடி வேண்டும். பென்சில்வேனியாவில் 10 அடி. கனெக்டிகட்டில் 500 அடிக்குள் இருக்கும் வீடுகளின் கூரை உச்சியைவிட உயரமாக வேண்டும். ஆனால் 55 அடியைத் தாண்ட வேண்டியதில்லை. காற்றில்லாத, வானம் தெளிந்த குளிர்கால இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய குளிர்காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால் புகை எழும்பாது. குட்டைக் குழாயிலிருந்து வரும் புகை அப்படியே தவழ்ந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகும். நாம் பாய்லரை முழுக்க நிரப்பிவிட்டுத் தூங்கப் போவதும் அதே இரவில்தான்.

பெரியதாக வாங்கினால் நல்லது என்று எண்ணுவது

மற்ற தவறுகளை விதி தடுத்துவிடும். இதைத் தடுக்கும் விதி பெரும்பாலும் இல்லை. ஆனால் புகையில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது, அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய வகை பாய்லர் எப்படி ஓடுகிறது? தண்ணீர் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானதும் தெர்மோஸ்டாட் காற்றுவழியை மூடிவிடும். தீ அணையாது, காற்றில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். வீட்டுக்கு மறுபடி வெப்பம் தேவைப்படும்போது காற்றுவழி திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் விறகிலிருந்து வெளியேறும் வாயுக்கள் எரியாமல் அப்படியே புகையாகப் போகின்றன. ஊரில் விறகடுப்பில் சுவாலை அணைந்ததும் சமையலறை முழுக்கப் புகை சூழுமே, அதேதான். அங்கே ஊதாங்குழலால் ஊதிச் சரிசெய்வோம். இங்கே இயந்திரமே மணிக்கணக்கில் ஊத விடாமல் வைத்திருக்கிறது.

வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய பாய்லர் வாங்கினால் தண்ணீர் சீக்கிரம் சூடாகி, தீ அதிக நேரம் மூடியே கிடக்கும். புகையும் கூடும், விறகும் வீணாகும். கோடையில் குளிக்கும் தண்ணீருக்காக மட்டும் ஓட்டுவது இதன் உச்சம். தேவை கொஞ்சம், தீயோ நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும், அண்டை வீட்டு ஜன்னல்களும் திறந்திருக்கும். கோடைக்கால ஓட்டத்தைச் சில மாநிலங்களும் ஊர்களும் தனியாகத் தடை செய்திருப்பது இதனால்தான். உங்கள் ஊரில் தடை இல்லாவிட்டாலும் கோடைக்கு ஒரு மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்லி அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். பெரிய வெந்நீர்த் தொட்டி இணைத்த அமைப்பு கூடுதல் செலவுதான். ஆனால் தீயை முழு வேகத்தில் எரித்து வெப்பத்தைத் தொட்டியில் சேர்த்துவிடலாம். கனலவிட வேண்டிய தேவையே வராது. செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் என் தேர்வு இந்தத் தொட்டிதான்.

எதையும் எரிக்கலாம் என்ற நினைப்பு

கதவு பெரியது. உள்ளே எதைப் போட்டாலும் எரிகிறது. குப்பை, பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் எல்லாம் போடத் தோன்றும். எல்லாமே தடை செய்யப்பட்டவை. குறிப்பாக, 2003க்கு முன் கட்டிய டெக், வேலிப் பலகைகளில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரம் இருக்க வாய்ப்புண்டு. அதை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைக் கத்தரிச் செடிக்கு உரமாகப் போடுபவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

நல்ல மரமாக இருந்தாலும் பச்சையாக இருக்கக் கூடாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். பைன் போன்ற மென்மரத்துக்குப் பிளந்து அடுக்கிய பின் குறைந்தது ஆறு மாதம், ஓக் போன்றவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது. கட்டையைப் பிளந்து, உட்புறத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

விறகுப் புகை இயற்கையானது, கெடுதல் இல்லை என்ற பேச்சும் கூடவே வரும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், பார்மால்டிஹைடு எல்லாம் அதில் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது எந்த மரத்திலிருந்து வந்தது என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை.

விதிப்படி வைத்துவிட்டேன், இனி யாரும் கேட்க முடியாது என்பது

முடியும். தூரம், உயரம், சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தும் தொல்லை என்ற பிரிவில் நடவடிக்கை வரலாம். நியூயார்க் விதி இதை உதாரணத்தோடு சொல்கிறது: பக்கத்துக் கட்டடத்தின் புகை அலாரம் அடிப்பது, பொதுச் சாலையில் பார்வை மறைவது, கண்ணுக்குத் தெரியும் புகை அடுத்த மனையிலுள்ள கட்டடத்தைத் தொடுவது. கனெக்டிகட்டில் சட்டத்தை மீறி ஓட்டினால் அபராதம் 90 டாலர் வரை. சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் ஓட்டிய ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம்.

புகையை அனுபவிக்கும் பக்கத்திலும் தவறுகள் உண்டு. கோபத்தில் ஒருமுறை போன் செய்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். அதிகாரி வரும்போது காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருக்கும். தேதி, நேரம், காற்று வீசிய திசை, உங்கள் மனை எல்லை தெரியும்படி எடுத்த படம், குழந்தைக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா என்ற விவரம், இவற்றைச் சில வாரங்கள் தொடர்ந்து எழுதி வையுங்கள். யாரிடம் போவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். மாசசூசெட்ஸில் உள்ளூர் சுகாதார வாரியம், நியூயார்க்கில் டவுனின் விதி அமலாக்க அதிகாரியோ மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் வட்டார அலுவலகமோ. அதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். பல நேரம் அந்த வீட்டுக்காரருக்கு உண்மையாகவே தெரிந்திருக்காது.

வீட்டோடு வரும் பழைய பாய்லர்

"ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சட்டப்படி சரி" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கனெக்டிகட்டில் 2005 ஜூலை 8க்கு முன் வைத்தவற்றுக்குத் தூர விதியில் விலக்கு உண்டு. அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் இல்லை. கையெழுத்திடும் முன் எந்த ஆண்டு வைத்தார்கள், பர்மிட் இருக்கிறதா, டவுனில் புகார் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அதை அகற்றி வேறு ஹீட்டிங் வைக்கும் செலவை வீட்டு விலையில் கழித்துப் பேசுங்கள்.