ரவுட்டர்ல ஓப்பன் டபிள்யூஆர்டி போடறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஓப்பன் டபிள்யூஆர்டின்னா ரவுட்டர்ல கம்பெனி போட்டுக் குடுத்த சாஃப்ட்வேருக்குப் பதிலா நாமளே போட்டுக்கற இலவச லினக்ஸ் சாஃப்ட்வேர். முதல்ல ரவுட்டரைக் கவுத்து அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல மாடல் பேரு, வெர்ஷன் ரெண்டையும் படிங்க. மாடல் பேரை மட்டும் பாத்து ஃபைலை இறக்கிடறாங்க, நான் பாத்த வரைக்கும் பாதிப் பேரு மாட்டறது இங்கதான். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7-ஐயே எடுத்துக்கோங்க, வி2-க்கு ஒரு ஃபைல், வி5-க்கு வேற ஃபைல், சில மாடல்ல வெர்ஷன் மாறினா உள்ள இருக்கற சிப்பே வேறயா இருக்கும், மாத்திப் போட்டா பூட் ஆகாமலே போயிடலாம்.

4 எம்பி ஃபிளாஷ் (சாஃப்ட்வேர் சேமிக்கற மெமரி), 32 எம்பி ரேம் இருக்கற பழைய பெட்டின்னா விட்டுடுங்க, இப்ப வர்ற வெர்ஷன் அதுல ஓடாது. ப்ராட்காம் வைஃபை சிப் இருந்தாலும் யோசிங்க, டிரைவர் சரியா கிடைக்கறதில்ல.

கம்பெனி ஃபர்ம்வேர்லருந்து, அதாவது ரவுட்டரோடவே வந்த சாஃப்ட்வேர்லருந்து, முதல் தடவை மாறும்போது பெரும்பாலும் ஃபேக்டரி ஃபைல்தான், சிஸ்அப்கிரேடு ஃபைல் அதுக்கப்புறம் வெர்ஷன் மாத்தும்போது. ஆனா ஓப்பன் டபிள்யூஆர்டி சைட்ல உங்க மாடலுக்கான பேஜ்ல வேற வழி சொல்லியிருந்தா அதையே கேளுங்க.

ரொம்ப முக்கியமானது பேக்கப். ஏத்தெரோஸ் சிப் இருக்கற பெட்டியில ஃபிளாஷ்ல ஏஆர்டின்னு ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், வைஃபை ரேடியோவோட காலிபிரேஷன் அளவெல்லாம் அதுலதான், ஒவ்வொரு பெட்டிக்கும் அது தனித்தனி, அழிஞ்சா நண்பரோட ரவுட்டர்லருந்து காப்பி அடிச்சும் சரியா வராது. எஸ்எஸ்எச்ல (கம்ப்யூட்டர்லருந்து கமாண்ட் அடிச்சு ரவுட்டருக்குள்ள போற வழி) உள்ள போன உடனே அதை ஒரு காப்பி எடுத்து கம்ப்யூட்டர்ல வெச்சுக்கோங்க, ப்ளீஸ்.

ஃபிளாஷ் பண்ணி, அதாவது ஃபைலை ரவுட்டர்ல ஏத்தி முடிச்சதும் வைஃபை பேரு தெரியலையேன்னு பயந்து பவரைப் பிடுங்காதீங்க, பெரும்பாலான ரவுட்டர்ல அது ஆஃப்லதான் வரும். லேன் கேபிள் போட்டு 192.168.1.1 போங்க, பாஸ்வேர்டு இருக்காது, முதல் வேலையா அதை வைங்க. மோடமும் அதே அட்ரஸ்னா வான் கேபிளை (மோடத்துலருந்து வர்றது) கழட்டிட்டுப் பண்ணுங்க. ஸ்னாப்ஷாட் (ரிலீஸ் ஆகாத டெஸ்ட் வெர்ஷன்) போட்டிருந்தா பிரவுசர்ல லூசிங்கற செட்டிங் பேஜ் வராது, ரவுட்டர் செத்துப்போகல, எஸ்எஸ்எச்ல போகணும், அவ்ளோதான்.

அப்புறம் எல்லா பேக்கேஜையும் ஒரே அடியா அப்கிரேடு பண்ற பழக்கம். இது கம்ப்யூட்டர்ல ஓடற டெபியன் லினக்ஸ் இல்லைங்க. பழைய பேக்கேஜ் ஸ்குவாஷ்எஃப்எஸ்ங்கற படிக்க மட்டும் முடியற பகுதியில அழிக்க முடியாம அப்படியே கிடக்கும், புதுசு ஓவர்லேங்கற எழுத முடியற பகுதியில இன்னொரு காப்பியா உக்காரும், இடம் தீந்துடும், செட்டிங் கூட சேவ் ஆகாது. முழு இமேஜையே மாத்துங்க.

எல்லாம் கைவிட்டா சீரியல் கேபிள் இருக்கு, ரவுட்டர் போர்டுல இருக்கற பின்லயே கம்ப்யூட்டரை மாட்டி மீட்கற வழி. அதுல ஆர்எக்ஸ் (டேட்டா வாங்கறது), டிஎக்ஸ் (டேட்டா அனுப்பறது), கிரவுண்ட், மூணு ஒயர் மட்டும், விசிசி (பவர்) பின்னைத் தொடாதீங்க, அடாப்டர்ல ஜம்பர் 3.3 வோல்ட்ல இருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க, 5 வோல்ட் போனா போர்டே போயிடலாம்.