ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நேரம் எங்கே போகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கு ரெட் ஹேட் நிறுவனம் சான்றிதழ் தரும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் கிடையாது. இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியில், இணையத்தின் துணையின்றி, மூன்று மணி நேரத்துக்குள் கேட்ட மாற்றங்களைச் செய்து முடிக்க வேண்டும். 300க்கு 210 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. இத்தேர்வுக்குத் தயாராவோருக்கு வார இறுதிகளில் பயிற்சி அளித்துவருகிறேன். கட்டளைகளைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களே நேரம் போதாமல் திணறுவதையும், அவர்கள் இடறும் இடங்கள் பெரும்பாலும் நான் ஒரு காலத்தில் இடறியவையாகவே இருப்பதையும் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. வினாவைக் கவனமாகப் படியுங்கள் என்பது போன்ற, யாருக்கும் தெரிந்த அறிவுரைகளை விட்டுவிடுகிறேன்.

வினாத்தாள் வரிசையிலேயே வேலை செய்வது

வினாக்கள் எந்த வரிசையில் வந்தாலும், சில வேலைகளின் மேல்தான் மற்ற வேலைகள் நிற்கின்றன. கணினிக்குள் நுழையவே முடியாவிட்டால் ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) பாஸ்வேர்டை மீட்பது, நெட்வொர்க் அமைப்பு, மென்பொருள்களை எடுக்கும் கிடங்கான ரெபாசிட்டரி ஆகிய மூன்றும் முதலில் முடிந்தாக வேண்டும். ரெபாசிட்டரி முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும், பின்னால் பேக்கேஜ் நிறுவச் சொல்லும் ஒவ்வொரு வினாவும் அங்கேயே நின்றுவிடும். எனவே முதல் சில நிமிடங்களில் எல்லா வினாக்களையும் ஒருமுறை பார்த்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வது வீண் செலவாகாது. அதன்பின் பயனர் கணக்கு, குழு, கோப்பு அனுமதி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் போன்ற கைபழகிய வேலைகளை முடித்துவிட்டால், டிஸ்க் வினாக்களுக்கு நிதானமான நேரம் மிஞ்சும்.

ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது

பாஸ்வேர்டை மாற்றியபின் ஆட்டோரீலேபில் கோப்பை உருவாக்கிவிட்டு ரீபூட் செய்தால், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் டிஸ்க் முழுவதற்கும் மறுபடி தன் பாதுகாப்பு லேபில் இடும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அடுத்த வினாவைப் படிக்க வேண்டிய நேரம் அது.

ரீபூட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். செய்த மாற்றங்கள் அனைத்தும் ரீபூட்டுக்குப் பின்னும் எவர் தலையீடும் இன்றி நிலைத்திருக்க வேண்டும் என்று ரெட் ஹேட் தேர்வு விவரங்களிலேயே எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்தவர்களும், எல்லா வினாக்களையும் முடித்துவிட்டு ஆற அமரக் கடைசியில் ஒரே ஒரு ரீபூட் போதும் என்று நினைக்கிறார்கள்.

அண்மையில் நான் நடத்திய மாதிரித் தேர்வில், பணி அனுபவமும் வேகமான கையும் உள்ள ஒரு மாணவர் எல்லாவற்றையும் முடித்து, பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது ரீபூட் கொடுத்தார். கணினி வழக்கம்போல் எழாமல், பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் பாஸ்வேர்ட் கேட்டது. லாஜிகல் வால்யூம் என்ற டிஸ்க் பகுதியை இஎக்ஸ்டி4 வகை ஃபைல் சிஸ்டமாக ஃபார்மேட் செய்தவர், எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழக்கதோஷத்தில் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகையை எழுதியிருந்தார். "மவுன்ட் -ஏ கொடுத்துப் பார்த்தேனே சார், ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். சொல்லாதுதான். எஃப்எஸ்டேபில் உள்ளவற்றை மவுன்ட் செய்யும், அதாவது கணினியோடு இணைக்கும், கட்டளை அது. ஆனால் அந்த வால்யூமை அவர் ஏற்கெனவே கையால் மவுன்ட் செய்திருந்தார். ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருப்பதை மவுன்ட் -ஏ தாண்டிப் போய்விடும் என்பதால், அவர் எழுதிய வரி சோதிக்கப்படவே இல்லை. முதலில் அன்மவுன்ட் செய்துவிட்டு மவுன்ட் -ஏ கொடுத்திருந்தால் பிழை அந்தக் கணமே தெரிந்திருக்கும். நினைவகத்துக்குத் துணையாகும் டிஸ்க் பகுதியான ஸ்வாப்பின் வரியையோ மவுன்ட் -ஏ தொடவே தொடாது. அதற்கு ஸ்வாப்ஆன் -ஏ கொடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிழையைச் சரிசெய்யவும் அவருக்கு நேரம் போதவில்லை. எஃப்எஸ்டேபைத் திருத்திச் சேமிக்க முயன்றபோது, ரூட் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டுமே முடிகிற நிலையில் இருந்ததால் எடிட்டர் மறுத்துவிட்டது. ரீட்-ரைட்டாக ரீமவுன்ட் செய்தால் தீர்ந்துபோகும் சிக்கல் என்று அவருக்குத் தெரியாததல்ல, பதற்றத்தில் தோன்றவில்லை. இதுவே டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடியைத் தவறாக எழுதியிருந்தால், அந்த டிஸ்க் வருமா என்று கணினி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் எமர்ஜென்சி மோடுக்குப் போகும். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஒன்றரை நிமிடம் மிகப் பெரிது. பயனர் கணக்கு, ஃபயர்வால், கிரான் என்று அவர் சரியாகச் செய்திருந்த வேலைகள் அனைத்தும், கணினி எழுந்திருக்காததால், மதிப்பிட வழியின்றிப் போயின.

ஆகவே எஃப்எஸ்டேபைத் தொட்ட ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் உடனே ரீபூட் செய்யுங்கள். அதற்கு ஆகும் ஓரிரு நிமிடத்துக்காகக் கணக்குப் பார்க்க வேண்டாம். சற்றுமுன் எழுதிய ஒரே வரியில்தான் பிழை இருக்கும் என்பதால் தேடவே வேண்டியிராது. பாதி முடித்த வரியைக் கோப்பில் விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போவதும் இதே ஆபத்துதான். வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியிட்டு முடக்கிவிட்டுப் போங்கள். இவ்வளவும் செய்தபின் முழுமையான கடைசி ரீபூட்டுக்கு இருபத்தைந்து நிமிடமாவது ஒதுக்கிவையுங்கள். ஸ்டார்ட் மட்டும் கொடுத்து எனேபிள் கொடுக்க மறந்த சர்வீஸ், பெர்மனன்ட் விடுபட்ட ஃபயர்வால் விதி, அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றிய எஸ்இலினக்ஸ் பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) ஆகியவை அப்போதுதான் வெளியே வரும்.

ஒரே பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டுவது

பத்து நிமிடம். அதற்குமேல் நகரவில்லை என்றால் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மேன் பேஜை முதல் வரியிலிருந்து படிப்பது

மேன் பேஜ் என்பது கணினியிலேயே உள்ள கட்டளை விளக்கப் பக்கம். அதில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். நேரே அங்கே தாவுங்கள். நெட்வொர்க்கை அமைக்கும் என்எம்சிஎல்ஐ கட்டளைக்கு எடுத்துக்காட்டுகள் மட்டுமே கொண்ட தனி மேன் பேஜே உண்டு. கோப்புகளுக்கு எஸ்இலினக்ஸ் லேபிலை வரையறுக்கும் செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையின் நீண்ட பாதைக் குறிகளை மனப்பாடம் செய்வதைவிட, அதன் மேன் பேஜில் உள்ள எடுத்துக்காட்டை எடுத்து மாற்றிக்கொள்வது வேகமானது; எழுத்துப் பிழையும் வராது.

விம் எடிட்டரை அழகுபடுத்துவது

வேண்டாம்.

உடையாத கணினியில் மட்டும் பழகுவது

வீட்டுப் பயிற்சியில் எல்லோரும் சரியாகச் செய்து பார்க்கிறார்கள். கெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. விர்ச்சுவல் மெஷினின் ஸ்னாப்ஷாட் (பின்னர் திரும்பக்கூடிய நிலைப் பதிவு) ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, எஃப்எஸ்டேபில் வேண்டுமென்றே தவறான யூயூஐடி எழுதி ரீபூட் செய்யுங்கள். கடிகாரத்தை ஓடவிட்டு, எமர்ஜென்சி மோடிலிருந்து மீண்டு லாகின் திரை வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மற்ற வினாக்களுக்கு எவ்வளவு வேகமாக விடையளிக்கிறீர்கள் என்பதை அதன் பிறகு அளந்துகொள்ளலாம்.