ஜமைக்கா இன்ல ஒரு ராத்திரி தங்கப் போறீங்களா, இப்படிப் போங்க

ஜமைக்கா இன்ங்கற பழைய சத்திரத்தோட பேய்க்கதை கேட்டுட்டு நேரா ராத்திரில போய் இறங்காதீங்க, வெளிச்சம் இருக்கும்போதே போயிடுங்க. அந்த இடத்த எதுக்காகக் கட்டினாங்கன்னு தெரிஞ்சாதான் அங்க சொல்ற கதைங்க மனசுல ஒட்டும்.

இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் போட்மின் மூர்னு ஒரு பெரிய பொட்டல் மேடு, அதுக்கு நடுவுல போல்வென்டர்ல ஏ30 ரோட்டை ஒட்டி இருக்கு இந்த சத்திரம். 1750ல கட்டினது. லான்செஸ்டனுக்கும் போட்மினுக்கும் கிட்டத்தட்ட பாதி வழி, அதனால கோச் வண்டிங்க இங்க நின்னு களைச்ச குதிரைங்கள அவுத்துட்டு வேற குதிரை பூட்டிட்டுப் போகும், 1778ல லாயமும் வண்டிக் கொட்டகையும் சேர்த்தாங்க. போனதும் முதல்ல அந்தக் கல்லு பாவின முற்றத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, ரூமுக்கு அப்புறம் போகலாம்.

பேரு ஜமைக்கா ரம் கடத்தினதால வந்துச்சுன்னு நிறைய பேர் சொல்வாங்க. அந்த வட்டாரத்து ட்ரெலானி குடும்பத்துல ரெண்டு பேர் ஜமைக்கா கவர்னரா இருந்திருக்காங்க, அதுல இருந்து வந்ததுங்கறதுதான் எனக்குச் சரியா படுது. கடத்தல் நடந்தது நிஜம், உள்ளயே அதுக்கு ஒரு மியூசியம் இருக்கு, சாப்பிடறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

பார்ல உக்காந்தா கேக்க வேண்டிய கதை ஒண்ணு இருக்கு. வழிப்போக்கன் ஒருத்தன் ஏல்ங்கற பீர் குடிச்சிட்டு இருந்தானாம், யாரோ வெளிய கூப்பிட்டாங்களாம், பாதி குடிச்சத அப்படியே வெச்சிட்டுப் போனவன் மறுநாள் காலைல பொட்டல்ல பிணமா கிடந்தானாம். 1911ல சுவர் மேல பேசாம அசையாம ஒரு ஆள் உக்காந்திருந்தத பல பேர் பாத்ததா சொன்னாங்க, செத்தவன்தான் திரும்பி வந்து உக்காந்திருக்கான்னு ஊர்ல பேச்சு. மூணு மூலை தொப்பி போட்ட ஆள் மூடின கதவு வழியா நடந்து போறதாவும் சொல்றாங்க.

ஆனா என்னை உலுக்கறது உருவம் இல்ல, சத்தம். முற்றத்துல குதிரைக் குளம்பும் வண்டிச் சக்கரமும் உருள்ற சத்தம் கேட்டு எழுந்து பாத்தா அங்க ஒண்ணும் இருக்காதாம். அத்தனை வருஷம் குதிரை நின்ன கல்லு அது. அதனால ரூம் புக் பண்ணும்போதே பழைய கட்டடத்துல முற்றம் பாத்த ஜன்னலா கேளுங்க, ஏ30ல லாரி போற சத்தம் எப்படி இருக்குன்னு சாயங்காலமே காதுல வாங்கிக்கோங்க, இல்லன்னா ராத்திரி குழம்பிடுவீங்க. எது கேட்டாலும் மணியோட உடனே எழுதி வைங்க, காலைல பக்கத்து ரூம்காரங்க கதைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதிடணும்.