ரீசார்ஜில் மிச்சம் பிடிக்கும் முன்

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் பணம் கணக்கில் ஏறும் தை, மாசி மாதங்களில்தான் எங்கள் பக்கத்தில் பலர் வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்துவைத்து உட்காருகிறார்கள். மன்னார்குடியில் ரீசார்ஜ் கடை நடத்துகிறவன் என்ற முறையில், புதிதாகச் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பதை அவர்கள் வாய் திறக்கும் முன்பே ஊகிக்க முடிகிறது. பெரும்பாலும் நானும் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்கள்தான். ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள் என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

28 நாளை ஒரு மாதம் என்று எண்ணுவது

28 நாள் திட்டம் போடுகிறவர் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்டுகிறார். 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவிட்டது. ஆகவே விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்த பிறகே இரண்டு திட்டங்களை ஒப்பிட வேண்டும். மாதச் சம்பளம் இல்லாத விவசாயக் குடும்பங்கள், கையில் பணம் புழங்கும் அறுவடை நேரத்தில் ஓராண்டுத் திட்டத்தைப் போட்டுவிட்டால், நாற்றங்காலுக்கும் உரத்துக்கும் பணம் தேடும் மாதங்களில் இந்தச் செலவு குறுக்கே வராது.

வங்கியில் பதிந்த எண்ணை வீண் செலவு என்று விட்டுவிடுவது

இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒன்றுதான். வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வருகிறது, அதனுடன் புதிய சிம்மும் வருகிறது. பழைய பட்டன் போனில் கிடக்கும் எண்ணுக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பதால் அதற்கு ரீசார்ஜ் நின்றுவிடுகிறது. வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு, நெல் கொள்முதல் நிலையத்துக்கான இணையப் பதிவு என எல்லா இடத்திலும் இருப்பது அந்தப் பழைய எண்தான் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சென்ற அறுவடையின்போது கடைக்கு வந்தார். போனின் முதுகில் எண்ணைத் தாளில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டியிருந்தார். “தம்பி, ஓடிபி அனுப்பிட்டோம்னு பேங்க்ல சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வரலையே” என்றார். அந்தத் தாளில் இருந்த எண்ணுக்கு நான் கூப்பிட்டபோது எடுத்தவர் முன்பின் தெரியாத ஒரு பெண். சிம் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன என்றும், யாருக்கோ பணம் வரவானதாகவும் சிலிண்டர் பதிவானதாகவும் ஓயாமல் செய்தி வருகிறது என்றும் அவர் சலித்துக்கொண்டார். பெரியவருக்கு, திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் புதிய சிம் வாங்கிக் கொடுத்து, பழையதற்குக் காசு போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அறுவடை இயந்திர வாடகைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் வேளையில் பெரியவர் வங்கிக்கும் ஆதார் மையத்துக்குமாக அலைந்தார்.

நடப்பது இதுதான். வேலிடிட்டி முடிந்ததும் முதலில் நாம் கூப்பிட முடியாமல் போகும். பிறகு நமக்கு வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் நிற்கும். தொடர்ந்து 90 நாள் பயன்பாடு இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாவிட்டால் நிறுவனம் எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்து இன்னும் 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள் வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான் என்றாலும், எண் கைவிட்டுப் போகாது என்பதற்கு மட்டுமே அது உதவும். ஓடிபி வந்து சேரும் என்று அதை நம்பி இருக்கக் கூடாது.

இத்தகைய எண்ணுக்கு டேட்டாவே தேவையில்லை. பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் விற்க வேண்டும் என்றும், அவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. செயலியைத் திறந்ததும் அவை கண்ணில் படமாட்டா, எங்கள் தொழிலில் உள்ளவர்களும் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. “டேட்டா வேண்டாம், பேச்சு மட்டும்” என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். எண்ணை விட்டே தீர்வதென்றால் வங்கி, ஆதார், எரிவாயு என்று ஒவ்வொன்றிலும் புதிய எண்ணைப் பதிந்து, அதற்குச் செய்தி வரத் தொடங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் சிக்னல் பார்க்காமல் போர்ட் செய்வது

போர்ட் என்பது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது. 1900க்கு ஒரு செய்தி அனுப்பினால் தொடங்கிவிடும் வேலை என்பதால் அவசரப்படுகிறார்கள். போர்ட் செய்த எண்ணை 90 நாள் கழியாமல் மீண்டும் மாற்ற முடியாது. பழைய நிறுவனத்தில் மீதமிருந்த வேலிடிட்டியும் பணமும் உடன் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மை ஒரு நாள் இரவல் வாங்கி அடுப்படியிலும் களத்துமேட்டிலும் பேசிப் பாருங்கள். கடைத்தெருவில் எல்லாக் கோடும்தான் தெரியும்.

500 யூனிட்டைக் கவனிக்காமல் விடுவது

மின்சாரத்தில், இரண்டு மாதக் கணக்கில் 501ஆவது யூனிட் ஓடியதும், கூடுதலாக ஓடியதற்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடுகிறது. சித்திரை, வைகாசியில் ஏசி போடுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது மீட்டரைத் தாமே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

ரீசார்ஜுடன் வரும் இலவச ஓடிடி

அதன் விலையும் ரீசார்ஜில்தான் இருக்கிறது.

செயலியை அழித்தால் பிடித்தம் நிற்கும் என்று நம்புவது

நிற்காது. தானாகப் பணம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதியை, யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து ரத்து செய்யுங்கள்.