மூன்று ஆட்டத்துக்கும் நானே கோலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்பில் ஃபுட்பால் டீமுக்கு யார் கோலி (கோல்கீப்பர்) என்ற பேச்சு வந்தபோது பி.டி. சார் வரிசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நெட்டையா இருக்கியேடா, நீ போஸ்ட்ல நில்லு" என்றார். தேர்வு முடிந்தது. அடுத்த வருஷம், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் டீமுக்கு ஆள் குறைந்தது. "நீதான் கோலியாச்சே" என்று அங்கேயும் நிறுத்தினார். பதினொன்றாம் வகுப்புக்குக் கோவில்பட்டிப் பக்கம் பள்ளி மாறினேன். அந்த ஊரில் ஹாக்கி ஸ்டிக்கைத் தொடாமல் பள்ளிப் படிப்பை முடிப்பது கஷ்டம். காலில் பேடைக் கட்டிவிட்டார்கள். இப்போது கல்லூரியில் மூன்று டீமிலும் நான் இருக்கிறேன்.

நான் விட்ட மோசமான கோல்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் போனவை. நேற்று ஆடிய ஆட்டத்தின் பழக்கம் இன்றைக்கும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். "போஸ்ட்டுக்குள்ள நிக்கிறதுதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்பவர்கள் ஒருமுறை அளவுகளைப் பார்க்கலாம். ஃபுட்பால் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஹாக்கி போஸ்ட் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம்; அதாவது ஒரு ஃபுட்பால் போஸ்ட்டுக்குள் இரண்டு ஹாக்கி போஸ்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் சரியாக வைக்கலாம். ஹேண்ட்பாலில் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஃபுட்பாலில் ஓடிப்போய்ப் பாய வேண்டிய இடத்துக்கு ஹேண்ட்பாலில் கையை நீட்டினாலே போதும். அங்கே போய்ப் பாய்ந்தால்?

எல்லாப் பந்தையும் பிடிக்கப் போவது

ஃபுட்பாலில் முதலில் சொல்லிக்கொடுப்பது பந்தைப் பிடிக்கத்தான். இரண்டு கட்டைவிரலும் பந்துக்குப் பின்னால் நெருங்கி இருக்க, விரல்களை விரித்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் ஹேண்ட்பால் மேட்சில் அப்படியே செய்தேன். போஸ்ட்டைச் சுற்றிப் போட்டிருக்கும் 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து எம்பிய பையன், காற்றில் எனக்கு இரண்டு எட்டு தூரத்தில் தொங்கிக்கொண்டு எறிந்தான். நான் கைகளைக் குவித்தேன். பந்து சுண்டுவிரல் நுனியில் இடித்து உள்ளே போனது. விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. சத்தியமாக வலி முதலில் தெரியவில்லை, பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அடுத்த தவறு அங்கேயே நடந்தது. "சுளுக்குதான் தம்பி, இழுத்துவிட்டா சரியாயிரும்" என்று பெரியவர் ஒருவர் ஆர்வமாக வந்து இழுத்தார். தயவுசெய்து யாரையும் இழுக்க விடாதீர்கள். உள்ளே எலும்பு விட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்கும் தெரியாது. ஐஸ் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் மூன்று வாரம் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இடது கையால் ரெக்கார்ட் நோட்டு எழுதினேன்.

ஹேண்ட்பால் கோலியின் வேலை பந்து வரும் வழியில் உடம்பை வைப்பது. கை திறந்திருக்க வேண்டும், காலும் சேர்ந்து போக வேண்டும். தாழ்வாக வரும் பந்துக்குக் கால் பக்கவாட்டில் நீளும், அதே பக்கக் கை அதன் மேலேயே இறங்கும். பட்டுத் தெறித்தால் போதும். எறிபவன் ஐந்தாறு மீட்டருக்குள் இருக்கும்போது பத்தில் மூன்று பந்தைத் தடுத்தாலே நீங்கள் நல்ல கோலி. இது புரியாமல், ஃபுட்பால் கணக்கில் ஒவ்வொரு கோலுக்கும் தலையைத் தொங்கப் போட்டால் முதல் பாதிக்குள் உடைந்துபோவீர்கள். நான் உடைந்தேன்.

ஹாக்கியில் இதே பிடிக்கிற புத்தி வேறு மாதிரி மாட்டிவிடும். பந்து பேடில் பட்டுக் காலடியில் நின்றதும், ஃபுட்பால் ஞாபகத்தில் மேலே விழுந்து அமுக்கினேன். விசில். பந்தின் மேல் கோலி படுக்கக் கூடாது. பெனால்டி கார்னர் கொடுத்தார்கள்; பேக்லைனில் (போஸ்ட் நிற்கும் கடைசிக் கோட்டில்) இருந்து பந்தைத் தள்ளிக்கொடுத்து எதிரணி கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு அது. பந்தை முன்னால் நிறுத்தி வைப்பதே அங்கே தப்புதான். எதிரணி ஃபார்வர்ட் ஒருவன் ரீபவுண்டுக்காகவே டி-க்குள் (போஸ்ட்டுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள்) காத்துக்கொண்டிருப்பான். கிக்கரால் (பாதத்தில் மாட்டும் கவசத்தால்) பக்கவாட்டில், முடிந்தால் பேக்லைன் பக்கம், ஒரே தொடுதலில் தட்டிவிட வேண்டும். டி-யைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் காலும் உதவாது, ஸ்டிக் மட்டும்தான்.

மூன்று பெனால்டியையும் குழப்பிக்கொள்வது

இதில் நான் பட்டது மறக்காது. மண்டல அளவில் ஒரு ஃபுட்பால் மேட்ச். அதற்கு முந்தைய நாள்தான் ஹேண்ட்பால் ஆடி முடித்திருந்தேன். 1-1 என்று இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி. அவன் ஓடி வந்தான், நான் கைகளை விரித்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்து தொடையால் தடுத்துவிட்டேன். எங்கள் பசங்கள் என் மேல் ஏறிவிட்டார்கள். ரெஃப்ரி மட்டும் சிரிக்காமல் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்ப அடித்தான், கோல்.

ஃபுட்பாலில் பந்து 11 மீட்டரில். உதைக்கும் நொடியில் கோலியின் ஒரு காலாவது கோட்டின் மேல், அல்லது கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். ஹாக்கி பெனால்டி ஸ்ட்ரோக்கில் பந்து 6.40 மீட்டரில், இரண்டு காலும் கோட்டில் இருக்க வேண்டும், பந்தைத் தொடும் வரை ஒரு காலையும் அசைக்கக் கூடாது. ஹேண்ட்பால் 7 மீட்டர் த்ரோவில் தலைகீழ்: 4 மீட்டர் கோடு வரைக்கும் முன்னால் வரலாம், வரத்தான் வேண்டும். இதைப் படித்து மனப்பாடம் செய்வது சுலபம். காலுக்குத்தான் தெரிய மாட்டேன் என்கிறது.

சீக்கிரமே தரையில் விழுவது

பாய்வதுதான் கோலி வேலை என்று பார்க்கிறவர்களும் நினைக்கிறார்கள், சில கோலிகளும் நினைக்கிறார்கள். ஃபுட்பாலிலேயே பாய்ச்சல் கடைசி வழிதான். பந்துக்கும் போஸ்ட் நடுவுக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதன் மேலேயே நகர்ந்து, அவன் உதைக்கும்போது இரண்டு காலும் தரையில் இருந்தால் பாதிப் பந்துகள் தானாக மேலே வந்து விழும். ஹேண்ட்பாலில் விழுந்தவனின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். ஹாக்கியில் பேடோடு விழுந்தால் எழுவதற்குள் இரண்டாவது அடி வந்துவிடும். பெனால்டி கார்னரில் வேண்டுமென்றே பக்கவாட்டில் படுத்து மறிப்பது வேறு கதை.

பெனால்டி கார்னர் என்றதும் டோக்கியோ ஒலிம்பிக் நினைவுக்கு வருகிறது. 2021-இல் ஜெர்மனியோடு இந்தியா 5-4 என்று முன்னால் இருந்தபோது கடைசி நொடிகளில் அவர்களுக்குப் பெனால்டி கார்னர். நம் கோலி ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் ஒலிம்பிக் மெடல் வந்தது. அவரும் பள்ளியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று சுற்றிவிட்டுத்தான் கோல்போஸ்ட்டுக்கு வந்தவர்.

கிட் விஷயத்தில் அலட்சியம்

"சும்மா பிராக்டிஸ்தானே" என்று ஹெல்மெட் இல்லாமல் ஹாக்கி போஸ்ட்டில் நிற்காதீர்கள். பந்து 160 கிராம் அளவுக்குத்தான் எடை, ஆனால் கல் மாதிரி. கழுத்து கார்ட் இல்லாமலும் நிற்காதீர்கள். பள்ளிகளில் ஒரே பொதுக் கிட்டை எல்லோரும் போடுவதால் அளவு சேராது; ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டி, பக்கிள் காலின் வெளிப்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். உள்பக்கம் வந்தால் இரண்டு காலும் மாட்டிக்கொண்டு விழுவீர்கள். ஆடி முடித்ததும் காயப்போடுங்கள், அடுத்தவனும் மூச்சுவிட வேண்டும்.

ஃபுட்பால் கிளவுஸ் நேர் எதிர். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பர் வெடித்துப் பிடிப்பே போய்விடும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். ஹேண்ட்பாலுக்குக் கிளவுஸ் கிடையாது. ஆண்பிள்ளைகள் வெட்கப்படாமல் இடுப்புக்குக் கீழே கார்ட் போடுங்கள். ஒரே ஒரு பந்து போதும், பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாயை மூடிக்கொண்டு நிற்பது

இதுவும் மூன்றுக்கும் பொதுவான தவறு. மைதானம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிவது கோலிக்கு மட்டும். "பாத்து ஆடு" என்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை. பெயர் சொல்லி, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் ஒரே ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டென்மார்க்கின் ஃபுட்பால் கோலி பீட்டர் ஷ்மைக்கேல் கை காலை நட்சத்திரம் போல விரித்துக்கொண்டு பாய்வாரே, அது சின்ன வயதில் ஆடிய ஹேண்ட்பாலில் இருந்து வந்தது. ஒற்றைக்கு ஒற்றை வரும் ஃபார்வர்டிடம் நானும் அதைத்தான் செய்கிறேன். ஹேண்ட்பால் கற்றுக்கொடுத்த இன்னொன்று, தடுத்த கையோடு பந்தை எறிவது. ஃபுட்பாலில் 2025 முதல் கோலி 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று ஆனதில் இருந்து அது நன்றாகவே உதவுகிறது.

இப்போது மேட்சுக்கு முன்னால் வார்ம்-அப் முடிந்தும் போஸ்ட்டுக்குள் போவதில்லை. ஃபிரண்ட் ஒருவனை நிறுத்தி, அன்றைக்கு ஆடப்போகும் பந்தால் மட்டும் பக்கத்தில் இருந்து முப்பது அடிக்கச் சொல்கிறேன். முதல் பத்தில் பழைய ஆட்டத்தின் கை வரும். இருபதாவதில்தான் மாறும். ஒருநாள் அவசரத்தில் பதினைந்தோடு நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முதல் பந்தையே பிடிக்கப் போனேன், அதே சுண்டுவிரல்.