நத்தையை உடைக்காமல் பூச்சியம் எழுதாதீர்கள்

போன மார்கழியில் இரண்டு மாணவர்களோடு யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுப் பக்கம் நத்தை பொறுக்கப் போயிருந்தேன். நத்தைக்குள் வளர்ந்து, பிறகு மாட்டுக்கோ பறவைக்கோ போகும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களைத் தேடுவதுதான் வேலை. அன்று பின்னேரமே ஒருவர் வந்து, "சேர், ஒன்றிலும் புழு இல்லை" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 15 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டுவது, கையுறை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விடுகிறேன்.

ஒரு பின்னேரம் பார்த்துவிட்டுப் பூச்சியம் எழுதுவது

இந்தத் தவறு எனக்கு ஒரு முழு மாரியைத் தின்றது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் நாலு குளங்களில் இந்தோபிளனோர்பிஸ், அதுதான் அந்தத் தட்டைச் சுருள் நத்தை, பொறுக்கினேன். யோகட் கப்புக்கு ஒன்றாக விட்டு, நாலு மணிக்கு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. 'தொற்று 0' என்று எழுதி நத்தைகளைக் கொட்டிவிட்டேன். ஒரு போத்தலில் ஆறு நத்தைகள் மட்டும் கொஞ்சப் பாசியோடு யன்னல் கரையில் மறந்துபோய்க் கிடந்தன. மூன்று கிழமை கழித்து ஒரு காலை, அந்தத் தண்ணீர் புகை படிந்ததுபோல் தெரிந்தது. ஒரு துளி எடுத்து வைத்தேன். வால் இரண்டாகப் பிளந்த குடம்பிகள் துடித்துக்கொண்டு இருந்தன. தொற்று குளத்திலிருந்தே நத்தைக்குள் வந்திருக்கிறது, நான்தான் காத்திருக்கவில்லை.

நத்தைக்குள் நுழைந்த மிரசிடியம், அதாவது புழுவின் முட்டையிலிருந்து வரும் முதல் குடம்பி, பையாக மாறி, உள்ளே பெருகி, சேர்கேரியா என்ற வாலுள்ள குடம்பியாக வெளியே வரச் சில கிழமைகள் எடுக்கும். அதுவரை அது வெறும் நத்தைதான். வெளியே வரும் நேரமும் இனத்துக்கு இனம் வேறு. மாட்டின் இரத்தக்குழாயில் வாழும் இரத்தப்புழுவின் குடம்பி, மாடு தண்ணீருக்கு இறங்கும் பகலில்தான் பெரும்பாலும் வெளிவரும். இரவில் வருவனவும் உண்டு. ஆகவே பகலும் பாருங்கள், இரவும் பாருங்கள், சில கிழமை வைத்திருந்து பாருங்கள். கடைசியில் மிஞ்சிய நத்தைகளை உடையுங்கள். ஓட்டின் நுனிச்சுருளுக்குள் இருக்கும் பழுப்பு நிறச் செரிமானச் சுரப்பியில் வெளிறிய பைகள் நெளியும். சிலவேளை ஒரே நத்தையில் இரண்டு இனங்கள் இருக்கும். ஓர் இனத்தின் ரீடியா, அதாவது நத்தைக்குள் வளரும் வாயுள்ள குடம்பி, மற்ற இனத்தின் வாயில்லாப் பைகளைத் தின்றுகொண்டிருக்கும். எத்தனை இனம் இருக்கிறது என்று எண்ணப் போனவர் உடைக்காமல் திரும்பினால் எதை எண்ணினார்?

வால் பிளந்திருந்தால் இரத்தப்புழு என்று முடிவு கட்டுவது

பறவைகளுக்குப் போகும் ஸ்ட்ரிஜியிட் என்ற தட்டைப்புழு வகையின் குடம்பிக்கும் பிளந்த வால்தான். வாய் உறிஞ்சிக்குப் பின்னால் உருண்டையான தொண்டைத்தசை இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தப்புழுக் குடம்பிக்கு அது கிடையாது. வயலுக்குள் இறங்கியவர் கால் கடிக்குது என்று சொறிந்தால், மாட்டுக்கோ வாத்துக்கோ போக வேண்டிய குடம்பி வழிதவறி அவர் தோலுக்குள் புகுந்து செத்திருக்கலாம்.

எல்லா நத்தையையும் ஒரே வாளியில் விடுவது

குடம்பியை எந்த நத்தை விட்டது என்று எந்த நுணுக்குக்காட்டியும் சொல்லாது.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

மாரி வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். அந்தத் தண்ணீரில் குடம்பி செத்து அடியில் கிடக்கும், நீங்கள் நீந்துவதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். திறந்த வாளியில் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பாவியுங்கள்.

எல்லாவற்றையும் ஃபோர்மலினில் போடுவது

வடிவம் பார்க்க அது சரி. டீஎன்ஏ பார்க்க ஆசை வந்தால் அப்புறம் அழுவீர்கள். பாதியை 95 சதவீத எதனோலில் வையுங்கள்.

கோடையில் போய் "நத்தையே இல்லை" என்பது

சேற்றைத் தோண்டினீர்களா?

வலையை அடுத்த குளத்தில் அலசுவது

இந்தக் குளத்து நத்தை அந்தக் குளத்துக் கணக்கில் ஏறிவிடும். கரையிலேயே உதறி, வெயிலில் காயப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.